கண்ணாடிக்காரி

ஸ்கூட்டர் கண்ணாடியோடு மல்லுக்கு நிற்கும் குருவியைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒருத்தி இருந்தாள். புது வீட்டு முகப்பில் நாக்கைத் தொங்கப்போட்டிருக்கும் திருஷ்டி பொம்மையின் ஒரு காதுக்குப் பின்னால்தான் கூடு கட்டிக்கொண்டிருந்தாள். முட்டை வைக்க இரண்டே நாள்தான் இருந்தது. கூடோ பாதியில் நின்றது.

“எங்கேண்ணே கட்டுறது? அந்தக் கண்ணாடிக்காரி என் கூட்டைப் பிடுங்கத்தான் வந்திருக்கா. முறைச்சா முறைக்கிறா, கொத்தினா கொத்துறா. அவ்வளவு திமிரு!” என்று நொந்த அலகோடு வந்து பொம்மையிடம் பொரிந்து தள்ளினாள்.

பொம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்னைப் பார்த்தும்தான் ஊரே பயப்படுது. நான் யாரையாவது கடிச்சேனா? ஒரே ஒருதரம் கொத்தாம நின்னு பாரு, தாயி.”

குருவி ஒரு வைக்கோலைக் கவ்விக்கொண்டு போய், கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, வைக்கோலைக் கூட்டில் செருகினாள்.

“அண்ணே, அவ வாயிலயும் வைக்கோல்தான் இருக்கு. கண்ணு சொருகி, களைச்சுப்போய் நிக்கிறா. பாவம், அவளும் பிள்ளைத்தாச்சி போல. உங்க இன்னொரு காதுக்குப் பின்னால அவளுக்கும் கொஞ்சம் இடம் குடுங்கண்ணே.”