ஹோவர்டின் ரகசியம்

ஹோபார்ட்டில் மெரிக்கின் நிறுவனம் வங்கிகளுக்குச் சங்கேத மொழி செய்து கொடுத்தது. எதிரே வந்து உட்கார்ந்த டீகனிடம், வேலைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதையே அவர் பெருமையாகச் சொன்னார்.

"எங்க சங்கேதத்துக்குச் சாவின்னு தனியா ஒரு ரகசியச் சொல்லே கிடையாது. எழுத்தை மாத்துற முறைதான் ரகசியம். அது எனக்கும், அதைக் கண்டுபிடிச்ச ஹோவர்டுக்கும் மட்டும்தான் தெரியும். இந்தத் தாள்ல சங்கேதத்துல இருக்கிற வரியைப் படிங்க பார்ப்போம்."

டீகன் பிஸ்கட்டைக் கடித்தபடியே படித்தாள். "வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு."

மெரிக் தாளைப் பிடுங்கிக்கொண்டார். நிறுவனமே அந்த ஒரு முறையை நம்பித்தான் இருந்தது.

"ஹோவர்டு இதை யாருக்கு வித்தான்?"

"பாவம், அவர் விக்கலை. முழிச்சிருக்கும்போது மூச்சு விடமாட்டார். தூங்கினா முழுசா ஒப்பிச்சிடுவார்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவர் பொண்டாட்டி. வேலை கேட்டு வரலை மெரிக், எச்சரிக்கத்தான் வந்தேன். முறையை ஊருக்கே சொன்னாலும், சாவி இல்லாம திறக்க முடியாத மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுங்க. சாவி போனா மாத்திக்கலாம். முறை போனா கம்பெனியே போச்சு."

மெரிக் யோசித்தார். "சாவியையும் தூக்கத்துல உளறிட்டா?"

"உளறட்டும். காலையில எழுந்ததும் நானே மாத்திடறேன்" என்றாள் டீகன். "அதுக்கு வேணா ஒரு வேலை போட்டுக் கொடுங்க."