அடுத்த பத்தி

பசிபிக்கின் சின்னஞ்சிறு தீவு ஒன்றின் கவிதை அது. அடியில் ஒரு குறிப்பு இருந்தது: ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வாசிப்பவர் "இருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும், பதில் வராமல் அடுத்த பத்திக்குப் போகக் கூடாது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அமலோற்பவம் விதியை மீறாதவள். வேறு ஆளில்லாத வீட்டில் பதினோரு நாட்களாக முதல் பத்தியிலேயே நின்றிருந்தாள். இன்று தண்ணீர் கேன் போட வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்தாள். பிறகு பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

தோளில் கேனோடு அவர் விழித்தார்.

"இருக்கேம்மா. சொல்லுங்க."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். இன்னும் பதின்மூன்று பத்திகள் இருந்தன. இறக்கினால் கிளம்பிவிடுவாரோ என்று, கேனை இறக்கி வைக்கச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.