பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே எண்

"வேலையில அக்கறை இல்லைன்னா இப்படித்தான் மேடம் ஆகும்" என்று சொல்லி, திரையைத் தலைமை ஆசிரியை பக்கம் திருப்பினான் அவன்.

அவன் அந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவன் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. மாணவர் விவரங்களையெல்லாம் பழைய முறையிலிருந்து புது சிஸ்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நான் செஞ்சு தரேன்" என்று தானாகவே வந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஆச்சு சார்?"

"பதினஞ்சு பேரைப் புது சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. அவசரத்துக்குக் கூப்பிட ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு போன் நம்பர் வேணும். இந்தப் பதினஞ்சு பேருக்கும் ரெண்டாவது நம்பர் ஒண்ணே. யாரோ சோம்பல்பட்டு ஒரே நம்பரைப் போட்டு ரொப்பியிருக்காங்க."

"யாரோ என்ன சார் யாரோ, ஆபீஸ்ல இருக்கிறது ஒரே ஒரு கிளார்க்." தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "போன வருஷம் மட்டும் ஒன்பது அரைநாள் லீவு. கேட்டா சொந்த வேலைம்பாங்க. நீங்க இதை எழுத்துல ஒரு வரி குடுங்க. ஸ்டோர் ரூமுக்கு மாத்திடறேன். சாக்பீஸ் எண்ணிட்டு இருக்கட்டும்."

கிளார்க் அம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'டமால்'. எந்தக் காகிதம் வந்தாலும் மேசை அதிர முத்திரை குத்துவார். முகத்தில் சிரிப்பென்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அவனுடைய மகள் மட்டும் அவரைப் 'பெரியம்மா' என்பாள். யாரைக் கண்டாலும் உறவு கொண்டாடுவது அவளுக்குப் பழக்கம், அவள் அம்மாவைப் போலவே.

அவன் ஆபீஸ் அறைக்குப் போனான். உட்காரும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. யாரென்று பார்க்காமலே கட் செய்தான்.

"இது யாரோட நம்பர் மேடம்?"

டமால். அடுத்த காகிதம். டமால்.

அவனே அந்த எண்ணை அடித்தான். மேசைக்கடியில் இருந்த கைப்பை பாட ஆரம்பித்தது.

அவன் அழைப்பை நிறுத்திவிட்டு, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். "உங்க நம்பரா?"

"ஆமா சார்." அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "இதுங்களோட அப்பா அம்மால்லாம் மில்லுல, கடையில வேலை. உள்ளே போனா போனை வாங்கி வச்சுப்பாங்க. ரெண்டாவது நம்பர் இல்லைன்னா பிள்ளையைச் சேர்க்கவே முடியாது. வாய்க்கு வந்த நம்பரை எழுத மனசு வரல."

"சரி, ஒரு பிள்ளைக்கு ஜுரம்னா யார் கூப்பிடுவாங்க?"

"நான்தான். முதல் நம்பருக்கு அடிப்பேன். எடுக்கலைன்னா ரெண்டாவது."

"ரெண்டாவது நீங்கதானே?"

"ஆமா. உடனே எடுத்துடுவேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எடுத்து?"

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன். அப்புறம் வீட்டுல விட்டுட்டு, யாராவது வர்ற வரைக்கும் கூட இருப்பேன்."

"அந்த ஒன்பது அரைநாள்..."

"வேலை நேரத்துல வெளியே போனா லீவுதானே சார். சொன்னா, விதியில இடமில்லைம்பாங்க. அவங்களும் பாவம், என்ன செய்வாங்க?" அவர் குரல் இறங்கியது. "ஸ்டோர் ரூமுக்கு மாத்தப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு. போறேன் சார். ஆனா அங்க போன் கிடையாது. இந்த மேசைக்கு வர்றவங்ககிட்ட, எடுக்கலைன்னா விட்டுடாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"பெத்தவங்களைச் சொல்லணும் மேடம். பிள்ளைக்கு ஒண்ணுன்னா எடுக்கக்கூட முடியாம அப்படி என்ன வேலை?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்." கிளார்க் அம்மா கவிழ்ந்து கிடந்த அவன் போனை ஒரு பார்வை பார்த்தார். "வேணும்னா எடுக்காம இருப்பாங்க?"

டமால்.

அவன் நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ஒன்பது அரைநாளா?" என்றார். "கொண்டாங்க அந்த லீவு நோட்டை." ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் 'பள்ளிப் பணி' என்று எழுதினார்.

அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரே நம்பர் பலருக்கு இருந்தாலும், அந்த நம்பர்காரர் பிள்ளைக்கு என்ன உறவு என்று குறிப்பிட்டால் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் சேர்க்கை எண்கள் மட்டும்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, உறவு என்ற கட்டத்தில் 'மற்றவர்' என்று போட்டுக்கொண்டே வந்தான். பதினாலு முடிந்தது.

பதினைந்தாவதைத் திறந்தான்.

பழைய குறிப்பு ஒன்று கூடவே வந்தது. 'தாய் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்டார், பழைய எண் இயங்கவில்லை. தந்தையை மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பார் என்று குழந்தை சொன்னாள்.'

பக்கத்தில் இருந்த போட்டோவில், முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு அவன் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போனை நிமிர்த்தி வைத்தான். உறவு என்ற கட்டத்தில் 'பெரியம்மா' என்று அடித்தான். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, மற்ற பதினாலையும் அப்படியே திருத்தினான்.