மீன்பிடிப் பள்ளியில் ஓர் அணில்

ஏரி நடுவே ஒரு தீவில் மீன்கொத்தி மீன்பிடிப் பள்ளி நடத்தியது. அக்கரையிலிருந்து மாணவர்களைக் கூட்டிவரும் காக்கைக்குத் தலைக்கு ஒரு மீன் கூலி.

ஒருநாள் காக்கை ஓர் அணிலைக் கொண்டுவந்து விட்டது. முதல் பாடத்திலேயே அணில் தண்ணீரில் மூழ்கியது. மீன்கொத்தி அதன் வாலைக் கவ்விக் கரையில் இழுத்துப் போட்டது.

"உனக்கு எதற்கு இந்தப் படிப்பு?"

நடுக்கத்திலும் அணில் தயங்காமல் சொன்னது: "பழத்தோட்டப் படிப்பு என்றுதான் காக்கையண்ணன் கூட்டிவந்தார். அவர் உங்கள் ஆள். அவர் பேச்சுக்கு நீங்கள்தான் பொறுப்பு."

மீன்கொத்திக்குச் சுருக்கென்றது. உடனே காக்கையைக் கூப்பிட்டது.

"இவரைப் பத்திரமாக வீட்டில் விட்டு வா. இனி, நீ கூட்டிவருபவர் தாமே ஒரு மீன் பிடித்த பிறகுதான் உனக்குக் கூலி."

மறுநாள் அக்கரையில் ஒரு முயல் காக்கையிடம், "என்னையும் கூட்டிப் போங்களேன்" என்றது.

"நீந்துவாயா?"

"தெரியாதே."

"அப்படியானால் அந்தப் படிப்பு உனக்கு வேண்டாம், தம்பி" என்றது காக்கை.