கடும் ஆட்சேபணை

"முப்பத்தொரு பெர்சன்டைல் வாங்கிட்டு உனக்கு எம்.பி.ஏ. ஒரு கேடா?"

புரொடக்‌ஷன் மேனேஜர் ஜமீர் அகமது இதைத் தன் கேபினுக்குள் கூப்பிட்டு வைத்துக் கேட்டிருக்கலாம். வேலை நடக்கும் லைனிலேயே நின்று, பத்து பேர் காதுபடக் கேட்டார்.

முனிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்து ஆறு வருஷமாக அதே மூன்றாவது லைனில் பம்ப் பூட்டுகிறவள். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.காம். முடித்தவள். அவளிடம் வேலை பழகிய மூன்று பேர் எம்.பி.ஏ. போட்டுக்கொண்டு வந்து, இப்போது அவளுக்கே ஷிப்ட் போடுகிறார்கள். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்குத்தான் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ்தாங்க சார். கம்பெனி லெட்டர் இருந்தா இன்டர்வியூவுல பார்க்கறோம்னு காலேஜுல சொன்னாங்க. நுழைவுப் பரீட்சை அன்னிக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சும் ரிலீவர் வரலைங்க..."

"ரிலீவர் வரலைன்னா கணக்கு மறந்துடுமா?"

அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வரும் ரிலீவர் வராமல் மிஷினை விட்டு நகரக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஆறு மணிக்கு முடிய வேண்டிய ஷிப்ட் எட்டரைக்கு முடிந்து, கிரீஸ் கையோடு ஆட்டோ பிடித்துப் போய்ப் பரீட்சை எழுதினாள். நடுவில் கொஞ்சம் தூங்கியும் போனாள்.

மறுநாள் மேனேஜர் ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினார்.

"காலேஜுல குடு. பிரிச்சுப் பார்க்கக் கூடாது."

கேன்டீனில் தோழி பூங்கொடி அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, முதல் வரி தெரியுது. 'கடுமையாக ஆட்சேபிக்கிறேன்'னு எழுதியிருக்கான் பாவி!"

முனிலட்சுமி கவரைப் பிடுங்கிக்கொண்டாள். கவரைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் லெட்டர் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

இன்டர்வியூவில் டீன் சரோஜம்மாள் மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்பக் குறைச்சலா இருக்கேம்மா..." என்றபடி கவரைப் பிரித்தவர், சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

"'இந்தப் பெண்ணைச் சேர்ப்பதைக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். லைன் நின்றுவிட்டால் மேனேஜரான என்னை ஒருவரும் தேடுவதில்லை, இவளைத் தேடுகிறார்கள். கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் மோதிக்கொண்டால், இரண்டு பாஷையிலும் திட்டிச் சமாதானம் செய்து வைக்கிறாள். போன வருஷம் மூன்று தடவை எல்லார் முன்னாலும் என் திட்டம் தப்பு என்றாள். மூன்று தடவையும் தப்புதான். பரீட்சை நாளில்கூட ரிலீவர் வரும்வரை மிஷினை விட்டு நகரவில்லை. இவள் எம்.பி.ஏ.வும் படித்துவிட்டால் என் நாற்காலிக்கு ஆபத்து. தயவுசெய்து மார்க்கைக் காரணம் காட்டி நிராகரிக்கவும்.'"

டீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த பேராசிரியர் ஸ்ரீராம் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

"அந்த மூணு தப்பு என்னம்மா?"

முனிலட்சுமி சொல்லத் தொடங்கினாள். இருபது நிமிஷம் ஆயிற்று. மார்க்கைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

மறுநாள் ஷிப்டுக்கு வந்ததும் நேராக மேனேஜரிடம் போனாள்.

"சார், நீங்க வேண்டாம்னு எழுதியும் சீட்டு குடுத்துட்டாங்க!"

வேண்டுமென்றே, பத்து பேர் காதுபடத்தான் சொன்னாள்.

"இந்தக் காலத்துல காலேஜுக்காரங்களுக்கு விவஸ்தையே இல்ல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேனேஜர் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லைனே சிரித்தது.

"கெடுக்கப் பார்த்தாரு, அவரே மாட்டிக்கிட்டாரு. நல்லா வேணும்!" என்றாள் பூங்கொடி.

கேபினுக்குள் கிளார்க் கந்தன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க சார். போன வருஷம் நம்ம ரெண்டாவது லைன் தானிஷை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்து ரெண்டு பக்கம் எழுதினீங்க, சீட்டு கிடைக்கல. இந்தப் பொண்ணைச் சேர்க்காதீங்கன்னு எழுதினீங்க, கிடைச்சிருச்சே!"

"புகழ்ந்து எழுதினா எவனும் முழுசாப் படிக்கறதில்ல கந்தா. சேர்க்காதேன்னு எழுதினாத்தான், அப்படி என்ன பண்ணிட்டான்னு கடைசி வரைக்கும் படிக்கறாங்க."

மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கந்தன் பக்கம் தள்ளினார்.

"தானிஷ் இந்த வருஷமும் இருபத்தெட்டு பெர்சன்டைல்தான் வாங்கியிருக்கான். எழுதிக்கோ. இவனை இன்னும் பலமா எதிர்க்கணும்!"