வரவேற்பறையில் எமன்

"முதலில அந்த எமனைக் கழட்டுங்கோ! இன்னும் பத்து நிமிசத்தில மாப்பிள்ளை வீட்டார் வந்திடுவினம்."

சத்தியபாமா சொன்ன எமன், சிட்னி பென்டில் ஹில்லில் உள்ள அவர்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். 1985இல் ஒரு சிட்னி ராக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் அட்டை அது. நாடக மேடை போலச் சிவப்புத் திரை, புகை, நடுவில் ஓர் எருமை. அதன்மேல் கிரீடமும் முறுக்கு மீசையுமாக எமன். கையில் பாசக்கயிற்றுக்குப் பதில் கிட்டார்.

எமன் வேறு யாருமில்லை, சத்தியபாமாவின் கணவர் வரதராஜாதான். தமிழ்ச் சங்க நாடகத்தில் அவர் போட்ட வேடத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் குழுவின் படப்பிடிப்பாளர் ஆளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"இது கலையப்பா," என்றார் வரதராஜா.

"பெடியன்ர தகப்பன் கோயில் செயலாளர். நல்ல காரியம் பேச வாற வீட்டில எமன் கிட்டார் அடிச்சுக்கொண்டிருந்தா, மனுசன் வாசலோட திரும்பிடுவார். எங்கட மகள் தர்ஷினி மூண்டு வருசமா அந்தப் பெடியனைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். பிள்ளையை அழவச்சிடாதேங்கோ."

வரதராஜா எமனைக் கழற்றி ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தார்.

செயலாளர் சிவலிங்கம் மனைவியோடும் மகனோடும் வந்தார். மனைவி உட்கார்ந்தார், மகன் உட்கார்ந்தான். அவர் மட்டும் நின்றார்.

"இருங்கோ அண்ணை," என்றார் வரதராஜா.

"பரவாயில்லை."

சத்தியபாமா உட்கார நல்ல கதிரையாக ஒன்றைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைத்தார். சிவலிங்கம் ஓர் அடி தள்ளி நின்றார். தேத்தண்ணியையும் நின்றே குடித்தார். வடையையும் நின்றே சாப்பிட்டார்.

தர்ஷினி, மாப்பிள்ளையையும் அவன் தாயையும் கறிவேப்பிலை மரம் பார்க்கப் பின்வளவுக்குக் கூட்டிப்போனாள். சத்தியபாமா கணவரைக் குசினி வாசலுக்கு இழுத்தார்.

"முடிஞ்சுது. பொம்பிளை பார்க்க வந்த வீட்டில கதிரையில இருக்கேல்லை எண்டா என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாமாம். பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்?" அவர் கண் கலங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால், சிவலிங்கம் ஜன்னல் திரையை விலக்கிப் படத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"ஐயோ, அது பழைய சாமான்," என்று ஓடினார் சத்தியபாமா.

சிவலிங்கம் படத்தையும் வரதராஜாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்களோ?"

"ஓம். அறியாத வயசு. குறை நினைக்காதேங்கோ."

"எவ்வளவு நேரம் எடுத்தவங்கள்?"

"ஏழு மணித்தியாலம். எருமை முதுகில அசையாமல் இருக்கச் சொல்லிப்போட்டாங்கள். சரியான கரைச்சல்."

"உங்களுக்கோ?"

"எனக்குத்தான். எருமைக்கு என்ன, துணியும் மட்டையும். உள்ளுக்கு, படிக்கிற பெடியள் ரெண்டு பேரை முன்னுக்கும் பின்னுக்குமா விட்டுத் தைச்சவங்கள். ஆர் எவர் எண்டு நான் முகமும் காணேல்லை."

சிவலிங்கம் படத்தைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியிலேயே மாட்டினார். சாய்ந்திருந்ததை நேராக்கினார். பின்வளவுப் பக்கம் எட்டி, மனைவி வரவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"எங்களுக்குச் சம்மதம். தங்கமான பிள்ளை," என்றார்.

சத்தியபாமா சட்டென்று அந்தக் கதிரையை மறுபடியும் இழுத்துப் போட்டார். "அப்ப இருங்கோவன் அண்ணை!"

சிவலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"என்ர மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, கிரிக்கெட்டில விழுந்தது எண்டுதான் அவவுக்குச் சொல்லி வச்சிருக்கிறன். அந்த எருமையின்ர பின்பாதி நான்தான். அண்டைக்கு இவர் ஏறி இருந்து முறிச்ச இடுப்பு, இண்டைக்கும் என்னைக் கதிரையில இருக்க விடுதில்லை."