கத்தி இறங்கும் காட்சி

ஓய்வுபெற்ற ஏட்டுகள் சந்தனமும் அருளப்பனும் ஞாயிறுதோறும் பழைய போலீஸ் நகைச்சுவைப் படங்களைப் போட்டு, தப்புக் கண்ட இடத்தில் நிறுத்திக் கிண்டலடிப்பார்கள். அன்றைய படத்தில் கூட்டாளிக்கு விழவிருந்த வெட்டைக் கோமாளிப் போலீஸ் குறுக்கே பாய்ந்து வாங்கினான். அருளப்பன் நிறுத்தினார்.

“எந்தக் கிறுக்கன் மாப்ள இப்படிப் பாய்வான்? நெசத்துல ஓடிருவான்.”

“நீ ஓடுன,” என்றார் சந்தனம்.

“ஆள் கூப்பிடத்தான போனேன்.”

இத்தனை வருடமாகக் கேட்ட அதே பதில். சந்தனம் மூன்று விரல் மிஞ்சிய கையால் ரிமோட்டைப் பிடுங்கி, காட்சியைப் பின்னுக்கு ஓட்டினார். கத்தி இறங்கியது. மறுபடி ஓட்டினார். மறுபடி இறங்கியது.

“சிரிப்பா இருக்கா மாப்ள?”

அருளப்பன் எழுந்து செருப்பைத் தேடினார்.

“உக்காரு. இந்தத் தடவயாச்சும் முடியிற வரைக்கும் இரு.”